சொம்புத் தண்ணீரும் இட்டைப்பு அணையும்

வாழ்த்தரங்கத்துக்குத் தலைமை தாங்கி, வாய் நிறைய வெற்றிலையும் முகம் நிறையச் சிரிப்புமாய் வீற்றிருக்கும் தலைமையாசிரியர் பலராமன் அவர்களே, மூட்டுவலியைப் பொறுத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பந்தியைப் பாதியில் விட்டு எழுந்து வந்த தாய்மார்களே, செங்கம் ரோட்டில் பஸ்ஸில் நின்றபடியே வந்து சேர்ந்த உறவின்முறையாரே, ஒலிபெருக்கி வைத்திருக்கும் ஜானி பாஷா தம்பியே, உங்கள் எல்லோருக்கும் இந்த மணியம்மாளின் வணக்கம்.

நாளைக் காலை என் பேத்தி இனியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அறிவுச்செல்வன் தங்கம். அவரைப் பெற்றவர்களும் தங்கம். அவருடைய தாத்தா தருமன்... அவரைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். அதோ, மேடையோரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். இருக்கட்டும்.

பேத்தியை வாழ்த்த வந்தவள் எதைப் பேசுவேன்? பதினாறு செல்வங்களைப் பேசவா? முன்னால் வந்தவர்கள் ஒன்று விடாமல் பேசிவிட்டார்கள். நான் அணைக்கட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். மணப்பெண் மின்சாரம் படித்தவள். நான் மல்லாட்டை உரித்துக் கடலை எடுக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைக்கு வாய்விட்டுப் படிப்பாள். எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது. காது நிற்கவில்லை.

நீர் நடந்தால் ஆறு. நீர் நின்றால் ஏரி. நீர் விழுந்தால் அருவி. நின்ற நீரை நிதானமாய் விழ வைத்தால், அதுதான் விளக்கு! அமெரிக்காவில் கிராண்ட் கூலி என்றொரு அணை. வெனிசுலாவில் கூரி என்றொரு அணை. ருஷ்யாவில் பனிக்கட்டி மிதக்கிற ஆற்றிலே ஒரு அணை. சீனாக்காரர்கள் எல்லாவற்றையும் மிஞ்சுவதாக ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இன்றைய தேதிக்கு, இந்தத் தொண்ணூற்றெட்டாம் வருஷத்திலே, உலகத்திலேயே பெரிய நீர்மின் நிலையம் எது? இட்டைப்பு! அந்த ஊர்ப் பேச்சில் அதற்குப் பாடுகிற கல் என்று பொருளாம். மலையே சாமியாக நிற்கிற ஊர்க்காரர்கள் நாம். கல் பாடும் என்றால் நமக்குத் தெரியாதா?

என்ன தலைவரே, துண்டுச்சீட்டா? எனக்குப் படிக்க வராது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

இட்டைப்பு ஒரு நாட்டின் அணை இல்லை. பிரேசில் பெரிய நாடு, பராகுவே சின்ன நாடு. நடுவில் ஒரு ஆறு. அந்த ஆற்றில் ஒரு பேரருவி. அருவிப் பக்கத்து எல்லை யாருடையது என்று இரண்டு நாட்டுக்கும் நெடுநாள் தகராறு. தண்ணீர் இருக்கிற இடத்தில் தகராறு இல்லாமல் இருக்குமா? நமக்கு இல்லையா?

நமக்கும் இருந்தது. சாத்தனூர் அணைத் தண்ணீர் கால்வாயில் முறை வைத்து வந்த பஞ்ச வருஷம். தருமன் கழனி தலைமடை, என் கழனி கடைமடை. என் நெல் பால் பிடிக்கிற நேரம். என் முறைக்கு வந்த தண்ணீரை மடை அடைத்துத் தன் கழனிக்குத் திருப்பினார் அந்த மனுஷன். நியாயம் கேட்கப் போனேன். வரப்பில் நின்றுகொண்டு என்ன சொன்னார் தெரியுமா?

"தண்ணியில உன் பேரா எழுதியிருக்குது?"

அந்த வருஷம் என் களத்தில் நெல் கம்மி, பதர் ஜாஸ்தி. அன்றைக்கே சொன்னேன்: "தருமா, உன் ஊட்டுத் தண்ணி இனிமே என் தொண்டையில எறங்காது." இறங்கவில்லை. எத்தனை சாவு, எத்தனை வாழ்வு, அந்த வீட்டு வாசலை மிதித்தேன். தாகத்தோடு போய்த் தாகத்தோடு வந்தேன்.

போன மாதம் நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டில் முதலில் சொம்புத் தண்ணீர்தானே கொடுப்பார்கள்? கொடுத்தார்கள். கையில் வாங்கினேன். அத்தனை பேர் பார்க்கத் தென்னம்பிள்ளைக்கு ஊற்றினேன். அதற்கென்ன, தென்னம்பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பாயை விட்டு எழுந்துவிட்டார்கள். என் மருமகள் தங்கம்மாள் அழுதுவிட்டாள். இனியா அழவில்லை. என்னிடம் வந்து கேட்டாள்:

"அந்த ஊட்டுத் தண்ணி உனக்கு ஆவலைன்னா, அந்த ஊட்டுச் சோறு எனக்கு எப்படி ஆவும் ஆயா? நீ குடி. அப்புறம் நான் மணையில உக்காருறேன். இல்லைன்னா வேணாம்."

சொன்னால் சொன்னதுதான், என் மகன் வயிற்றுப் பேத்தி. பாருங்கள், மாலையைக் கழுத்தில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். நாளைய முகூர்த்தம் இந்தக் கிழவி தொண்டையில் நிற்கிறது.

அன்றைக்கு அவளைக் கேட்டேன்: "அந்த ரெண்டு நாடும் எப்படிடி ராசியாச்சு?" அவள் சொன்னாள். இரண்டு நாடும் சேர்ந்து அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறியது. சண்டை போட்ட அருவி ஏரிக்கு அடியில் போய்விட்டது. அருவியைக் கடைசியாய்ப் பார்க்கக் கூட்டம் கூட்டமாய் வந்து அழுதார்களாம். அழ வேண்டியதுதான். சும்மா போகிற பொருளா அது?

பெரிய நாடு என்று கூடக் கொடுத்தார்களா? இல்லை, பாதிப் பாதி. இரண்டு நாட்டு மின்சாரத்துக்கும் துடிப்பு வேறாம். அதற்காக எந்திரத்தை உடைத்தார்களா? இல்லை. பாதி இந்தத் துடிப்பில் ஓடுகிறது, பாதி அந்தத் துடிப்பில் ஓடுகிறது. மாப்பிள்ளை, கேட்டுக்கொள்ளுங்கள். என் பேத்தி துடிப்பு வேறு. மாற்றப் பார்க்காதீர்கள்.

கார்த்திகைக்கு மலை மேலே தீபக் கொப்பரை ஏறுகிறது. கீழ்பென்னாத்தூர் நெய்யும் போகிறது, செங்கத்து நெய்யும் போகிறது. எரிகிற சுடரைப் பார்த்து, இது யார் வீட்டு நெய் என்று யாராவது கேட்டதுண்டா? வெளிச்சம் வந்த பிறகு நெய்க்குப் பெயர் ஏது? வெளிச்சம் வந்த பிறகு நீருக்குப் பெயர் ஏது?

நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்காதீர்கள். மறக்கவில்லை. அந்த வரப்பு, அந்த மடை, அந்த வார்த்தை, எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கிறது. மேலே தண்ணீர் ஏறிவிட்டது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் தேங்கிய தண்ணீர். இன்றைக்கும் மதகைத் திறக்காவிட்டால் என் பேத்தி வீட்டில் எப்படி விளக்கு எரியும்?

ஜானி பாஷா தம்பி, மைக்கைத் தருமன் பக்கம் திருப்பாதே, அவர் ஒன்றும் பேச வேண்டாம். பேசிய வரைக்கும் போதும். அவர் காலடியில் சொம்பு இருக்கிறது. நான் மேடை ஏறும்போதே பார்த்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்.

தளும்புகிறது, பாதி சிந்திவிடப் போகிறது. மெதுவாக வாருங்கள்.

சம்பந்தி, தண்ணி குடுங்க.

...உப்புக் கரிக்கிறது. பரவாயில்லை, என் தண்ணீரோடு என் கண்ணீரையும் குடித்த கிணறு, அப்படித்தான் இருக்கும். இனியா, மாலையைப் போட்டுக்கொள்ளடி.

பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், சிரித்துக் கேட்ட தாய்மார்களுக்கும், சொம்பு சுமந்து வந்த சம்பந்திக்கும் நன்றி. பந்தியில் பாயசம் ஆறுகிறது. எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். காலையில் மணவறையில் பார்ப்போம். வணக்கம்.