சார் கேட்காத அனுமதி

பகல் பன்னிரண்டு மணி. கூத்தாநல்லூரை விட்டு மேற்கே போகும் ஆற்றோரச் சாலை. ஆறு என்று பெயர்தான், சித்திரையில் அதில் மணலைத் தவிர ஒன்றும் இருக்காது. இரண்டு பக்கமும் உளுந்து பிடுங்கி முடித்த வயல். ஆள் இல்லை, மாடு இல்லை, காக்கைகூட நிழல் தேடிப் போய்விட்டது. அந்தச் சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டி... ஓட்டிப் போனவள் ஜஸீலா. என் தோழி ஃபஹ்மிதாவின் பெரியம்மா மகள்.

பேய்க் கதை என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் பட்டப்பகலா என்று அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்தக் கதையில் இருட்டே கிடையாது, அதுதான் இதில் மோசம். வெயில் நேரத்தில் சொன்னால் யாரும் மதிக்க மாட்டீர்கள் என்றுதான் கரண்ட் போகட்டும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஜஸீலா போய்க்கொண்டிருந்தது அவள் படித்த கல்லூரிக்கு. பெயர் வேண்டாம். சாயங்காலம் அங்கே ஒரு நினைவு ஆட்டம். கூடைப்பந்து அணியில் இருந்த பழைய பெண்கள் எல்லாரும் வருவதாக ஏற்பாடு. அவர்களுடைய கோச் காயாரோகணம் சார் போன மாதம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்திருந்தார். ஜஸீலா திருச்சியிலிருந்து அடித்துப் பிடித்து ஓடி, நாகப்பட்டினத்தில் அவரைக் கிடத்தியிருந்த வீட்டில், காலைப் பிடித்துக்கொண்டு அழுதவள். ஆகையால் அவர் செத்தாரா இல்லையா என்ற சந்தேகம் யாருக்கும் வேண்டாம்.

அழ வேண்டிய மனிதர்தான். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவர். எந்தப் பெண்ணுக்காவது கணுக்கால் பிசகினால், மறுநாள் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி ஐஸை வாளியில் அள்ளி, மேலே சாக்கைப் போட்டு மூடி, தன்னுடைய டி.வி.எஸ் வண்டியில் கட்டிக்கொண்டு வருவார். அதில் காலை வைத்தால் வீக்கம் வடிந்துவிடும். கவிச்சி மட்டும் இரண்டு நாளைக்குப் போகாது.

அவருக்கு இன்னொரு வழக்கம். வெளியூர் ஆட்டம் என்றால் கையெழுத்து வாங்கிவரச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு பெண்ணின் வீட்டுக்கும் தானே போவார். கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு, பெற்றவர் முகத்தைப் பார்த்து, "ஒங்க புள்ளைய கூட்டிட்டுப் போறேன், விடுறீங்களா?" என்று கேட்பார். அவர்கள் சரி என்றால்தான் அந்தப் பெண்ணுக்குப் பயணம். ஜஸீலாவின் தகப்பனார் மீரா சாகிப், அவளுக்கு அத்தா, முதலில், பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து என்ன வேண்டிக்கிடக்கிறது என்று முறைத்தவர். சார் நாலு தடவை வந்து போனதில் மசிந்துவிட்டார்.

கடைசி வருஷம் சென்னையில் ரயில்வே அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேறினால் கையோடு வேலை. ஜஸீலாவுக்கு அழைப்பு வந்தது. அந்தப் பெண் தூங்கவே இல்லை... அப்படி ஒரு ஆசை. சார் அவளைத் தனியே கூப்பிட்டார். தோளில் கையை வைத்தார். காதோடு சொன்னார்.

"ஒங்கத்தாகிட்ட கேட்டேம்மா. வேணாம்னுட்டாரு."

அவ்வளவுதான். அவள் வீட்டில் போய் ஏன் என்று கேட்கவில்லை. அத்தாவிடம் எதிர்த்துக் கேட்கும் வீடு இல்லை அது. அதோடு, சார் போய்க் கேட்டுவிட்டு வந்தார் என்றால் அதற்குமேல் யாருக்குமே பேச்சு கிடையாது. அன்றைக்கு அவள் மனசில் அத்தாவுக்குக் கதவைச் சாத்தியவள்தான். கல்யாணமாகித் திருச்சிக்குப் போனாள். அம்மா மௌத்தாகிக் கண்ணை மூடினார்கள். அத்தா தனியாளாக நின்றார். வந்தால் போனால், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. சார் செத்த சேதியைக்கூட அவள் அத்தாவிடம் சொல்லவில்லை.

நினைவு ஆட்டத்துக்காக அத்தா வீட்டில் வந்து தங்கினாள். காலேஜில் ஒரு விளையாட்டு இருக்கிறது, போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். மனிதர் என்றுமில்லாமல் வாயைத் திறந்தார்.

"அந்த சார் நல்லாருக்காராம்மா? நீ மெட்ராசுக்குப் போறேன்னு அப்ப பேப்பர்லகூட போட்டிருந்தான். கேக்க வருவாருன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். வரவே இல்லியே. சரி, ஒனக்குத்தான் இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன். வந்து கேட்டிருந்தா நானே ரயிலேத்தி விட்டிருப்பேன்."

ஜஸீலாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அப்படித்தான் அந்த உச்சி வெயிலில் அந்தச் சாலை. வழியெல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. அவள் சென்னைக்குப் போயிருந்தால் அந்த வருஷம் கல்லூரிக்குக் கோப்பை இல்லை. அவளை நிறுத்திக்கொண்டார், கோப்பையை வாங்கினார், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். ஒரு தகரக் கோப்பைக்காக நம்ப வைத்துக் கழுத்தறுத்திருக்கிறார். வேலை போனால் போகட்டும்... அத்தாவோடு பேசாமல் விட்ட அத்தனை வருஷத்தை யார் தருவது? இந்த ஆளுக்காகவா போன மாதம் மாரில் அடித்துக்கொண்டு அழுதோம்? செத்தவனிடம் போய் எப்படிச் சண்டை போடுவது?

கல்லூரி வாசல் திறந்து கிடந்தது. காவலாளி சாப்பிடப் போயிருக்க வேண்டும். கூடைப்பந்து மைதானத்துச் சிமெண்டுத் தரையில் அனல் பறந்தது. கம்பத்தில் சாரின் படம் போட்ட பேனர். அதைக் கிழித்துப் போடுவதென்றே நேராகப் போனாள்.

டொப்...

நின்றாள்.

டொப்... டொப்...

பந்தைத் தரையில் தட்டுகிற சத்தம். திரும்பிப் பார்க்கும் முன்பே வாடை வந்துவிட்டது. மீன் ஐஸ். சித்திரை வெயிலில், முழங்காலுக்குக் கீழே மட்டும் குளிர் ஏறியது.

கூடைக்கு அடியில் நின்றார். எப்போதும் நிற்கிற இடம். அதே பனியன், கழுத்தில் விசில். காலைச் சுற்றிச் சிமெண்டு நனைந்திருந்தது. அவ்வளவு வெயிலிலும் அந்த ஈரம் காயவில்லை.

நானாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன். ஜஸீலா விழவில்லை. கோபம் உச்சியில் ஏறியவளுக்குப் பயம் எங்கே தெரியும்?

"எங்கத்தாகிட்ட நெசமா கேட்டீங்களா சார்?"

பந்துச் சத்தம் நின்றது. அவர் நடந்து வந்தார். சளக்... சளக்... ஈரக் கால். தோளில் கையை வைத்தார். துப்பட்டாவைத் தாண்டிச் சில்லிப்பு எலும்பில் இறங்கியது. காதோடு குனிந்தார்.

"கேக்கலம்மா. தப்புதான்... இன்னைக்குக் கேட்டுடுறேன்."

அந்த ஒரு வார்த்தையில் அவள் உடைந்துவிட்டாள். தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, வயிறு வலிக்க அழுதாள். ஒப்புக்கொண்டாரே... இந்த மட்டுக்கும் ஒப்புக்கொண்டாரே என்று அழுதாள். நிமிர்ந்தபோது யாரும் இல்லை. வாசலுக்கு வெளியே டி.வி.எஸ் ஒன்று உதைபட்டுக் கிளம்பியது. கிழக்கே, கூத்தாநல்லூர்ப் பக்கம், சத்தம் மெலிந்துகொண்டே போனது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கேட்டுவிடுகிறேன் என்றாரே... எதற்கு அனுமதி? செத்துப்போன மனிதர் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போகக் கேட்பார்?

அத்தாவுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஸ்கூட்டியை விரட்டினாள். முன்னால் எந்த வண்டியும் இல்லை. ஆனால் கொதிக்கிற தார்ச் சாலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஒரு கோடு போட்ட மாதிரி போயிற்று. பாலத்தைத் தாண்டியது, கடைத்தெருவைத் தாண்டியது, அவர்கள் தெருவில் திரும்பியது. அத்தா வீட்டு வாசற்படியில் போய் நின்றது.

உள்ளே பாய்ந்து கதவைத் தாழிட்டாள். அத்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே இரண்டு டீ கிளாஸ். ஒன்று காலி. இன்னொன்றில் ஏடு படிந்திருந்தது.

"யாராவது வந்தாங்களாத்தா?"

"ஒங்க சார்தாம்மா. எங்க நனைஞ்சாரோ, சொட்டச் சொட்ட வந்தாரு. டீ போட்டுக் குடுத்தேன், தொடல. ஒங்க புள்ளைய கூட்டிட்டுப் போறேன், விடுறீங்களான்னாரு."

"நீங்க... நீங்க என்னத்தா சொன்னீங்க?"

அத்தா அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்ப நீ சாவியத் தூக்கிக்கிட்டுப் போன வேகத்துலயே எனக்கு வெளங்கிப்போச்சும்மா. நாந்தான் தடுத்தேன்னு இத்தன வருசமா நெனச்சிருக்க. இன்னொரு தடவ அந்தப் பழி எனக்கு வேணாம். தாராளமா கூட்டிட்டுப் போங்கன்னுட்டேன்."

"எங்கன்னு கேட்டீங்களா?"

"அத கேக்கலியே."

தெருவில் டி.வி.எஸ் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றது. இஞ்சினை நிறுத்தவில்லை.

"பாத்தியா, இந்தா வந்துர்றேன்னாரு, வந்துட்டாரு" என்றார் அத்தா. ஜஸீலா அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. எத்தனையோ வருஷம் கழித்து மகள் தன் கையைப் பிடித்திருக்கிறாள்... அத்தாவுக்கு அது போதும். சிரித்தார். மெல்ல அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். "போயிட்டு வாம்மா" என்று சொல்லிக்கொண்டே போய்த் தாழ்ப்பாளை நீக்கினார்.