சிவப்பை மாற்றும் உரிமை

இந்த அவையை அழகுற நடத்திக்கொண்டிருக்கும் கரிசல் சிறு தீப்பெட்டி உற்பத்தியாளர் கூட்டமைப்பின் தலைவர், பெருமதிப்பிற்குரிய முப்பிடாதி அவர்களே, செயலாளர் விஜயராஜ் அவர்களே, முன்வரிசையில் முகம் மலர்ந்தும் பின்வரிசையில் மின்விசிறியைத் தேடியும் அமர்ந்திருக்கும் ஆலை அதிபர்களே, கழுகுமலையிலிருந்தும் குளத்தூரிலிருந்தும் பேருந்து பிடித்து வந்த பெரியோர்களே, பகலெல்லாம் பெட்டி அடைத்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் சௌந்தரபாண்டியன் ஆகிய நான் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

அழைப்பிதழில் என் பெயர் ஒலிபெருக்கிக்காரர் பெயருக்கும் கீழே இருக்கிறது. இருக்கட்டும். இன்று நான் குறை சொல்ல வரவில்லை. ஒருவரைப் பாராட்ட வந்திருக்கிறேன். பாராட்டு என் வாயிலிருந்து எளிதில் வராது என்பது ஊருக்கே தெரியும். அதற்குக் காரணம் பெங்களூரு. அங்கே ஆண்டுக்கணக்கில் மென்பொருள் எழுதினேன். எத்தனையோ அறிவாளிகளைக் கண்டேன், ஆற்றல்மிக்கவர்களைக் கண்டேன், ஆனால் தான் கட்டியதைத் தானே கழற்றிவைத்த ஒருவரைக் கண்டதில்லை. அடுத்தவன் கட்டியதைக் கழற்றியவர்கள் உண்டு. என் வேலையைக் கழற்றிய இருவர் இன்று அங்கே துணைத் தலைவர்கள். நல்லபடியாக இருக்கட்டும். மறந்துவிட்டேன் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

நமது கூட்டமைப்பின் இணையதளக் கதைக்கு வருகிறேன். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் அவரவர் லேபிளின் நிறம். நம் தொழிலில் நிறம் என்றால் சும்மாவா? குச்சி ஒன்று, மருந்து ஒன்று, நெருப்பும் ஒன்று. பிரித்துக் காட்டுவது எது? லேபிள் அல்லவா? வடநாட்டு வியாபாரி பெயரையா படிக்கிறார்? நிறத்தைப் பார்த்துத்தானே பெட்டியை எடுக்கிறார்?

புது லேபிள் வேண்டுமென்றால் நாம் என்ன செய்வோம்? பழைய லேபிளை எடுத்து, பெயரை மாற்றி, நிறத்தை மாற்றி அச்சுக்குக் கொடுப்போம். அதே பழக்கத்தில் இணையதளத்தையும் செய்துவிட்டீர்கள். நிறம், எழுத்து, இடைவெளி எல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் கோப்புக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். முதல் உறுப்பினரின் ஸ்டைல்ஷீட்டை நகலெடுத்து இரண்டாமவருக்கு, அதை நகலெடுத்து மூன்றாமவருக்கு. ஆர்டர் பொத்தானைச் சற்றுப் பெரிதாக்கு என்றால் அத்தனை கோப்பையும் திறக்க வேண்டும். லேபிளுக்கு ஒத்துவந்த வழக்கம் தளத்தை முடக்கிப் போட்டது.

அந்த நிலையில்தான் பணி, இணையதளம் அமைத்துத் தரும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. என்னோடு பணிபுரியும் மாரிச்செல்வி அதற்கு ஒரு பிரிபிராசஸர் கொண்டுவந்தார். அங்கே ஒருவர் முகத்தைச் சுளிக்கிறார். ஐயா, எளிய விஷயம்தான். நிறங்களுக்குப் பெயர் வைத்து, தோற்றத்துக்கான விதிகளைச் சுருக்கி, ஒரே மூலக்கோப்பில் எழுதுவோம். பிரிபிராசஸர் என்னும் கருவி அதை விரித்து, உறுப்பினருக்கு ஒன்றாக முழு ஸ்டைல்ஷீட்டுகளைத் தயாரித்துக் கொடுக்கும். அருமையான கருவி. அழகான கருவி. அதை இகழ்ந்து ஒரு சொல் நான் சொல்லமாட்டேன். அத்தனை பக்கங்களும் ஒரே மதியத்தில் சீராயின.

பிறகுதான் வேல்ராஜ் அண்ணாச்சியின் சிவப்பு வந்தது. ஆமாம், அவர்தான், சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். அவர் லேபிள் குங்குமச் சிவப்பு. அவருடைய இணையப் பக்கத்தில் தெரிந்ததோ ஆரஞ்சு. நம் கூட்டமைப்பு அலுவலகத்தில் தளத்தைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிச்செல்வியிடம் சொன்னார். அவர் வழக்கம்போல் ஸ்டைல்ஷீட்டைத் திறந்து திருத்தினார். சிவப்பு வந்தது, அண்ணாச்சிக்குச் சிரிப்பும் வந்தது. அடுத்த வாரம் நாங்கள் வேறெதற்கோ பிரிபிராசஸரை ஓட்டினோம். சிவப்பு போய் ஆரஞ்சு வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த நேரத்தில்? நாக்பூர் வியாபாரியை எதிரே வைத்துக்கொண்டு அண்ணாச்சி தன் பக்கத்தைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில்.

அவர் கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போனில் கேட்டதை அப்படியே சொல்கிறேன், மன்னிப்பார்.

"ஏட்டி இசக்கி, என் செவப்ப எவன்ட்ட வித்த?"

"அண்ணாச்சி, நான் போன வாரமே மாத்திட்டேன்லா? நீங்களும் பாத்தீயல்லா?"

"பாத்தேன். இப்ப இவிய என் எதுக்க உக்காந்து ஆரஞ்சப் பாக்காவ. ஒங்க சரக்கு இதுதானான்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

நடந்தது இதுதான். அச்சடித்து வந்த லேபிளில் பேனாவால் திருத்தினால் அடுத்த அச்சில் என்ன வரும்? பழைய பிழைதானே வரும்? அச்சுத் தகட்டில் அல்லவா திருத்த வேண்டும்? இசக்கிச்செல்வி திருத்தியது அச்சடித்த லேபிளை. தகடு, அதாவது மூலக்கோப்பு, எங்கள் அலுவலகக் கணினிக்குள் இருந்தது. அப்படி ஒரு தகடு இருப்பதையே அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் செயற்குழு என்ன முடிவெடுத்தது? "அந்தப் பிள்ள கை வச்சுத்தான் கெட்டுது" என்றார் செயலாளர். தளத்தின் கடவுச்சொல்லை இசக்கிச்செல்வியிடமிருந்து வாங்கி, மாற்றி வைத்துக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் வேலையையே வாங்கிவிடுவார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. ஓர் ஆரஞ்சு நிறத்துக்காக ஒரு பெண்ணின் வேலை போகலாமா? இதுவா நம் நியாயம்?

அப்போது செயற்குழுவின் முன் எழுந்து நின்றார் மாரிச்செல்வி. "அண்ணாச்சி, அவிய தொட்டதுல தப்பில்ல. தொடக்கூடாத கோப்பக் கண்ணு முன்னால வச்சிட்டு, தொடவேண்டியத நாங்க உள்ள பூட்டி வச்சிருக்கோம். என்னையத் திட்டுங்க."

திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. எல்லோரும் தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டார்கள்.

அலுவலகம் திரும்பியதும் எங்களுக்குள் வாதம். பிரிபிராசஸரை வைத்துக்கொள்ளலாம், இசக்கிச்செல்விக்கு அதைக் கற்றுக்கொடுக்கலாம் என்றேன் நான்.

"சார், கத்துக்கிடுவாவ. ஆனா அந்தக் கருவிக்கு வருசா வருசம் ஒரு புது வெர்ஷன் வருது. ஒருநாள் ஓடாம நிக்கும். அன்னைக்கு நாம ரெண்டு பேரும் இங்கன இல்லன்னா, ஒரு செவப்ப மாத்த யாரு வருவா?"

"பெங்களூர்ல எல்லாரும் இப்படித்தான் செய்யுதாங்க."

"பெங்களூர் ஒங்களுக்கு என்ன செஞ்சிட்டு சார்?"

தாய்மார்களே, நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

மாரிச்செல்வி என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கருவி தரும் வசதிகளில் நாம் உண்மையிலேயே பயன்படுத்துவது எவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டே இரண்டு. நிறத்துக்குப் பெயர் வைப்பது. விதிக்குள் விதியை மடித்து எழுதுவது. இரண்டையும் இன்றைய பிரவுசரே கருவியின் துணையில்லாமல் புரிந்துகொள்ளும். அத்தோடு நின்றாரா? நம் சில்லறை வியாபாரிகளின் பழைய கைபேசிகளைக் கேட்டு வாங்கித் தளத்தைத் திறந்து பார்த்தார். மடித்து எழுதிய விதிகள் அவற்றில் வேலை செய்யவில்லை. அதை விட்டார். நிறப் பெயர் வேலை செய்தது. அதை வைத்துக்கொண்டார். தான் ஆசையாக அமைத்த பிரிபிராசஸரைத் தன் கையாலேயே அகற்றினார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸ்டைல்ஷீட். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அவரவர் நிறத்தைச் சொல்லும் சிறு கோப்பு. திருத்துவதும் அதையே, பிரவுசர் படிப்பதும் அதையே. இடையில் எந்தக் கருவியும் இல்லை.

கருவியைக் கற்றவர்கள் ஆயிரம் பேர் உண்டு. கருவியைக் காதலித்தவர்களும் உண்டு. யாருக்காகக் கருவி என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்ட பிறகு, தன் திறமையைத் தானே பின்னுக்குத் தள்ளியவர்கள் எத்தனை பேர்? பத்துப் பேர் கூடி எழுதும் பெரிய தளம் என்றால் அதே மாரிச்செல்வி அதே பிரிபிராசஸரைத் தேடிப்போவார், போகவும் வேண்டும். இங்கே தளத்தைக் காப்பவர் ஒருவர். அந்த ஒருவருக்கு எட்டாத உயரத்தில் அறிவை வைப்பதற்குப் பெயர் அறிவா? எட்டும் இடத்தில் இறக்கிவைத்தாரே, அதுவல்லவா அறிவு? அதுவல்லவா ஆண்மையும் பெண்மையும் கடந்த பெருந்தன்மை?

கைதட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் கைதட்டலோடு நான் இறங்கப்போவதில்லை. தலைவர் அவர்களே, புதிய தளத்தை இப்போது தொடங்கிவைக்கப் போகிறீர்கள். இசக்கிச்செல்வியின் கடவுச்சொல் இன்னமும் செயலாளரிடம்தான் இருக்கிறது. இசக்கிச்செல்வி கையாள்வதற்கென்றே அமைத்த தளம் இது. அவரை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் திறப்பு விழா நடத்தினால், மாரிச்செல்வி செய்த அத்தனையும் வீண். இந்தச் சபை முன்னிலையில் கேட்கிறேன்: அவரிடம் அதைத் திருப்பிக் கொடுங்கள்.

தலைவர் ஒலிவாங்கி கேட்கிறார். சொல்லுங்கள், தலைவர் அவர்களே.

"விஜயராஜு, அத அந்தப் பிள்ளைட்டக் குடுத்துரு. இங்கனயே குடு."

செயலாளர் எழுந்துவிட்டார். அம்மா இசக்கிச்செல்வி, மேடைக்கு வாருங்கள். கடவுச்சொல்லை வாங்கியதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள், எனக்கும் சொல்ல வேண்டாம். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், புரிந்த இடத்திலெல்லாம் சிரித்த தாய்மார்களுக்கும், முடிவெடுத்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. விடைபெற்று அமர்கிறேன், வணக்கம்.