கொடி ஏறாத ஐந்து வாரங்களும் அமீனா டீச்சரின் இரண்டு மணிகளும்

பரங்கிப்பேட்டைக் கடற்காற்றில் வளர்ந்து, கீரப்பாளையத்து வயற்காற்றில் உழைத்து, முப்பத்து நான்கு ஆண்டுகளாக முதல் மணி முழங்கும் முன்னே முற்றத்தில் வந்து நிற்கும் முறைமையின் முகவரியே! காலையில் கரும்பலகையும் மாலையில் கயிற்று முடிச்சுமாய் எம் பிள்ளைகளைக் கட்டி ஆண்ட கண்டிப்பின் கனிவே! அறிவியல் ஆசிரியையும் சாரணியர் படைத் தலைவியுமாகிய அமீனா பீவி அம்மையீர்! பாராட்டு என்றாலே அதில் பாதி பொய் என்று சொல்லும் தங்களைப் பணி ஓய்வு நாளில் எதிரே உட்காரவைத்துக்கொண்டு பாராட்டு மடல் வாசிப்பது கத்திமேல் நடப்பது போலத்தான். ஆகவே, நடக்காத எதையும் இதில் எழுதவில்லை என்று முதலிலேயே உறுதி கூறுகிறோம்.

செய், பிறகு எழுது, பிறகு தை. தங்கள் படையின் சட்டம் இம்மூன்று சொல்லில் அடங்கும். செயலைச் செய்து முடித்து, அதைக் குறிப்பேட்டில் எழுதி, அதன் பிறகே பேட்ஜைச் சட்டைக் கையில் தைக்கலாம். அதையும் தையற்கடையில் கொடுக்காமல் அவரவர் கையால் தைக்க வேண்டும். உலகச் சிந்தனை நாள் பேட்ஜ் என்ன, ஆளுநர் கையெழுத்திடும் ராஜ்ய புரஸ்கார் என்ன, குடியரசுத் தலைவர் விருது என்ன, அத்தனையும் இவ்வூர்ப் பிள்ளைகளின் சட்டையில் ஏறியது இந்தச் சட்டத்தால்தான். நீச்சல் தேர்வு ஒன்று முடியவில்லை என்பதற்காகப் பத்தாம் வகுப்பு ஃபர்ஹானாவை ஓராண்டு காக்க வைத்தீர்கள். அவளுடைய வாப்பா சவூதியிலிருந்து போன் போட்டுக் கெஞ்சியும் தாங்கள் அசையவில்லை. அடுத்த ஆண்டு அவள் நீந்தினாள், எழுதினாள், தைத்தாள். இன்று முன்வரிசையில் அமர்ந்து தங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

சாரணியர் இடக்கையால் கைகுலுக்கும் வழக்கத்தை இந்த ஊருக்குப் பழக்கியதும் தாங்களே. கடலூர் விழாவில் பேட்ஜ் வழங்கிய விருந்தினர் இடக்கையை நீட்டியதும், மாணவி ஒருத்தியின் தாயார் மலர்க்கொடிக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னாங்க டீச்சர், எம் பொண்ணுக்கு இடது கையக் குடுக்குறாங்க. மரியாத தெரியாதவுங்களா?" என்றார். தாங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள்: "சண்டையில இடது கையிலதான் கேடயம் புடிப்பாங்க மலரு. அத எறக்கி வெச்சிட்டுக் குடுக்குற கை இது. ஒன்ன நான் நம்புறேன்னு அர்த்தம்." மறுநாள் பள்ளி வாசலில் அதே மலர்க்கொடி எங்கள் வாட்ச்மேனுக்கு இடக்கை கொடுக்கப் போக, அவர் பயந்து நான்கடி பின்வாங்கியது தனிக் கதை.

பிள்ளைகளுக்கு இத்தனை சின்னம் தைக்க வைத்த தங்கள் கழுத்தில் ஒரே ஒரு சின்னம் மட்டும் ஏறவே இல்லை. சாரணத் தலைவர்களுக்கு உலகமெங்கும் உயர்வானது 'வுட் பேட்ஜ்' எனும் பயிற்சிச் சின்னம். தோல் கயிற்றில் கோத்த இரண்டே இரண்டு மரமணிகள். தங்கம் கூட இல்லை, வெறும் மரம். அதற்கான முகாம்கள் அத்தனையும் முடித்தீர்கள். ஓராண்டு இடைவிடாமல் படையை நடத்திய குறிப்பேடு ஒன்றுதான் பாக்கி. தாங்கள் அதை எழுதிய ஆண்டு, பெருவெள்ளம் வந்த ஆண்டு.

பள்ளி நிவாரண முகாமாயிற்று. வகுப்பறைகளில் குடும்பங்கள், தாழ்வாரத்தில் ஆடுகள், ஆய்வகத்தில் அரிசி மூட்டைகள். தாங்கள் வீட்டுக்கும் போகாமல் கீழே கஞ்சி காய்ச்சினீர்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தீர்கள், பிள்ளைகளும் உடன் நின்றார்கள். வெள்ளம் வடிந்தபின் குறிப்பேட்டைத் திறந்து அந்த ஐந்து வாரத்துக்கும் ஒரே வரியை ஐந்து முறை எழுதினீர்கள்: "கொடி ஏற்றப்படவில்லை. கூட்டம் நடைபெறவில்லை." தொடர்ச்சி இல்லை என்று சொல்லித் தேர்வாளர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இம்மடலை எழுதிய தமிழாசிரியன் எழிலன் இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். "டீச்சர், வெறும் நோட்டுதான. நான் அழகாத் தமிழ்ல அஞ்சு கூட்டம் எழுதித் தர்றேன்" என்று அன்று தங்களிடம் சொன்னவன் நான்தான். தாங்கள் கோபப்படவில்லை. "நடக்காத கூட்டத்த எப்புடி சார் எழுதுறது? நாளைக்கு ஒரு புள்ள என்னப் பாத்து எழுதுச்சின்னா?" என்று மட்டும் கேட்டீர்கள். சரி, வேறோர் ஆண்டுக்குப் புதிதாக எழுதுங்கள் என்றோம். அதற்கும் மறுத்துவிட்டீர்கள். "அந்த வருசந்தான் எம் புள்ளைங்க நெசமான சாரணியரா இருந்தாங்க. அதத் தூக்கிப் போட்டுட்டு வர்ற மணி எனக்கு வேணாம்." பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். பத்தாண்டு ஓடிவிட்டது. பணி ஓய்வு பெற்றால் படையில்லை, படையில்லாவிட்டால் மணியும் இல்லை என்று நாங்கள் நாள்காட்டியைப் பார்த்துப் பொருமினோம். தாங்களோ அடுத்த முகாமுக்குக் கயிறு எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

இனி வாசிக்கப்போவது தங்களுக்குத் தெரியாது. மூன்று மாதங்களுக்கு முன், தாங்கள் பிள்ளைகளோடு கடற்கரை தூய்மைப் பணிக்குக் கடலூர் சென்றிருந்த நாளில், ஆய்வகப் பொருள்களை ஒப்படைப்புக்காகக் கணக்கெடுத்த உதவியாளர் பக்கிரி, அமிலப் புட்டி அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பாலிதீன் பொட்டலத்தை இழுத்தார். உள்ளே ஈரத்தில் ஒட்டிக் காய்ந்த நான்கு நோட்டுகள். தாமரை அணி, மல்லிகை அணி, ரோஜா அணி, சூரியகாந்தி அணி. தங்கள் படையின் நான்கு சிறு அணிகளும் வெள்ள ஆண்டில் எழுதிய குறிப்பேடுகள்!

தாமரை அணித் தலைவி, அன்று எட்டாம் வகுப்பு மாணவி ஷாசியா, பென்சிலால் எழுதியிருந்ததை அப்படியே வாசிக்கிறோம்: "இன்று மாலை மொட்டைமாடியில் கூட்டம். வருகை ஏழு. கம்பம் தண்ணீரில் நிற்கிறது. கொடி நனைந்துவிட்டது, துணி உலர்த்தும் கயிற்றில் காயப் போட்டிருக்கிறோம். காய்கிற கொடிக்கே எல்லோரும் வணக்கம் வைத்தோம். உறுதிமொழி சொன்னோம். யார் யார் எந்த வகுப்பறைக்குத் தண்ணீர் தருவது என்று பிரித்துக்கொண்டோம். டீச்சர் கீழே கஞ்சி ஊற்றுகிறார்." ஐந்து வாரத்திலும் வாரம் தவறாமல், நான்கு அணிகளும் இப்படிக் கூடியிருக்கின்றன.

இன்று கடலூரில் செவிலியராகப் பணிபுரியும் ஷாசியாவைத் தொலைபேசியில் பிடித்தோம். ஏனம்மா இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் தயங்கித் தயங்கிச் சொன்னது இது: "கம்பத்துல ஏத்தாத கொடிக்கு சல்யூட் அடிச்சிட்டோம் சார். தெரிஞ்சா டீச்சர் திட்டுவாங்கன்னு பயந்துதான் நோட்ட ஒளிச்சு வெச்சோம். அதனால அவுங்க மணி போச்சுன்னு சத்தியமா எங்களுக்குத் தெரியாது." அன்னையே, தங்கள் கண்டிப்பு எவ்வளவு பெரியது பாருங்கள்! கொடி ஏறாததால் கூட்டமில்லை என்று தாங்கள் எழுதினீர்கள். கொடி ஏறாமல் கூட்டம் போட்டது தவறு என்று பிள்ளைகள் மறைத்தார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லாமலே தங்கள் மணியைத் தொலைத்திருக்கிறீர்கள்.

நான்கு நோட்டுகளையும், தங்கள் பழைய குறிப்பேட்டையும், ஷாசியாவின் கடிதத்தையும் தங்களிடம் சொல்லாமல் தேர்வாளருக்கு அனுப்பினோம். இது குற்றமெனில் கூட்டுக் குற்றம். தலைமையாசிரியை ஸ்ரீமதி அம்மையார் முதல் பக்கிரி வரை எல்லோரும் உடந்தை. நேற்று முன்தினம் மணிகளோடு பதில் வந்தது. "தலைவி இல்லாத நேரத்திலும் தாமாகக் கூடும் அணிகளே ஒரு தலைவி படையை நடத்தினார் என்பதற்குச் சான்று. கொடி கம்பத்தில் இருந்ததா கயிற்றில் இருந்ததா என்பது இங்கே கேள்வியில்லை. ஓராண்டுத் தொடர்ச்சி ஏற்கப்பட்டது." ஓய்வறையில் நாங்கள் போட்ட கூச்சலைக் கேட்டு, யாருக்குக் கல்யாணம் என்று தாங்களே வந்து விசாரித்தீர்கள். சமோசா வந்திருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தோம். அது ஒன்றுதான் நாங்கள் தங்களிடம் சொன்ன பொய், பொறுத்தருள்க.

நோன்பு மாதத்திலும் நடைப்பயணத்தின் முன்வரிசையில் நடந்த தங்கள் கால்கள் நோவின்றி நடக்கட்டும். மழைக்கும் வெயிலுக்கும் விசில் ஊதிய தங்கள் மூச்சு பல்லாண்டு நிறைந்திருக்கட்டும். பேரப்பிள்ளைகள் முடிச்சுத் தவறாகப் போட்டாலாவது ஒருமுறை சிரித்துவிட்டு அவிழ்க்கும் மனத்தை இறைவன் தங்களுக்கு அருளட்டும்.

அம்மையீர், மணிகள் இரண்டும் இப்போது ஸ்ரீமதி அம்மையாரின் கைப்பையில் இருக்கின்றன. அவற்றைத் தங்களுக்கு அணிவிக்க, தூணுக்குப் பின்னால் இவ்வளவு நேரம் ஒளிந்திருந்த ஷாசியா இதோ இடக்கையை நீட்டியபடி வருகிறாள். ஆனால், செய்தபின்தான் எழுத வேண்டும் என்பது தங்கள் சட்டம். அதனால் இம்மடலின் கடைசி வரியை எழுதாமல் விட்டிருக்கிறோம். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரரும் காத்திருக்கிறார். எழுந்து வாருங்கள் டீச்சர். மேசையில் பேனா இருக்கிறது. நடந்ததும், தங்கள் கையாலேயே நேரத்தைக் குறித்துக் கையெழுத்திடுங்கள்.

கேடயம் இறக்கிய கைகளுடன்,
தங்களோடு பணிபுரிந்த ஆசிரியர்கள், அலுவலர்கள்
கீரப்பாளையம்

மணி அணிவிக்கப்பட்ட நேரம்: ....................
படைத் தலைவி கையொப்பம்: ....................