ஹூலென் மடத்துக்குப் போன முட்டைகள்

எனக்கு வியாழக்கிழமை பிடிக்கும். திங்கள் என்றால் குப்பை வண்டி, சனி என்றால் மருமகன். வியாழன் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதையும் நீங்கள் வந்து கெடுத்துவிட்டீர்கள், லீசலோட் மேடம். பரவாயில்லை. பொதுச் சுகாதாரத் துறையில் இருப்பவர் கேள்வி கேட்கத்தானே வேண்டும். காபியைக் குடியுங்கள், சொல்கிறேன்.

உங்கள் கடிதம் ஈஸ்டர் முடிந்த வாரம் எங்கள் தெருவுக்கு வந்தது. ஆற்றங்கரைத் தொழிற்சாலையின் ஏதோ ரசாயனம் எங்கள் மண்ணில் ஊறிக் கிடக்கிறதாம். என்றைக்கும் அழியாதாம். மண்ணைக் கொத்துகிற கோழி வழியாக முட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறதாம். வீட்டு முட்டையைச் சாப்பிடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொடவே கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். நாற்பது வருடம் தபால் பை சுமந்தவன் நான். தடித்த எழுத்தில் வந்த கடிதம் எதுவும் உண்மையில் அவசரமாக இருந்ததில்லை.

எங்கள் தெருவில் பதினேழு வீடு, பதினேழிலும் கோழி. சாப்பாட்டு மிச்சத்தைக் கோழிக்குப் போடாதவனை எங்கள் பக்கம் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். கடிதம் வந்துவிட்டது என்று கோழி முட்டையிடுவதை நிறுத்துமா? எதிர்வீட்டு கோடலீவ் கூடையும் கையுமாக வாசலில் நின்று புலம்பினாள்.

"ஃபிர்மன், இத எங்க கொண்டு போய்க் கொட்டுறது? குப்பையில போட மனசு வரலையே. பாவம், முக்கி முக்கிப் போட்டிருக்குதுங்க."

"எங்கிட்ட குடு, நான் பாத்துக்கிறேன்."

"சுகாதாரத் துறைக்கா கொண்டு போற?"

"பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல."

பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவள் சொல்லித் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்காக ஒரு கதவும் திறந்ததில்லை. இப்போது வியாழன்தோறும் என் வீடு போக மற்ற பதினாறு கதவும் திறந்தன. உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தார்கள், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். சந்தோஷமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

கல்யாணத்தன்று மழை வராமலிருக்கக் கிளாரா மடத்துக் கன்னியாஸ்திரீகளுக்கு முட்டை கொடுக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு ஜோடியின் பேரைச் சீட்டில் எழுதிக் கூடையில் வைத்தால் அவர்கள் ஜெபம் செய்வார்கள். ஹூலென் ஊரில் அப்படி ஒரு மடம், சைக்கிளில் ஒரு மணி நேரம். வாரம் நூற்றைம்பது முட்டை என்னிடம் இருந்தது, ஜோடிதான் இல்லை. நானே உண்டாக்கினேன். என்னைப் பாடாய்ப் படுத்திய பழைய தபால் அதிகாரியின் பேரை ஒருவனுக்கு வைத்து, அவனுக்கென்றே ஒரு வாயாடியையும் கட்டி வைத்தேன்.

நாலு மாதம் கழித்து, மடத்தில் மூத்தவரான சிஸ்டர் ஹில்டகோண்ட் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, உங்க தெருவுல இன்னும் கல்யாணம் ஆகாம யாராச்சும் மிச்சம் இருக்காங்களா?"

"எங்க தெரு காதலுக்குப் பேர்போனது சிஸ்டர்."

"நல்லாருக்கட்டும். ஆனா மழை இல்லன்னு விவசாயிங்க எங்களத் திட்டுறாங்க. கொஞ்சம் பாத்துக் காதலிக்கச் சொல்லு."

அந்தக் கோடையில் நிஜமாகவே ஒரு துளி விழவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அன்றைக்கே அவர் இன்னொன்றும் சொன்னார்.

"நாங்க ஆறு கிழவிங்க எவ்வளவு திம்போம்? மிச்சத்தப் பக்கத்துல தாய்மார் விடுதிக்குக் குடுத்துடுறோம். போக்கிடம் இல்லாத பொண்ணுங்க. வயித்துல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. நல்லா சாப்பிடட்டும்."

நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆற்றுப்பாலம் வரைக்கும் யோசித்தேன். அடுத்த வியாழன் கோடலீவ் கூடையைத் துணி போட்டு மூடி வைத்துக் காத்திருந்தாள். "உன்ன விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" என்றாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். எதற்கு வம்பு.

பிறகு நீங்கள் ரத்தம் எடுக்க ஆரம்பித்தீர்கள். எங்கள் தெருவோடு ஒப்பிட, சுத்தமான ஊராகப் பார்த்து ஹூலெனைத் தேர்ந்தெடுத்தீர்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. விடுதிப் பெண்களின் ரத்தம் எங்களுடையதைவிட மோசமாக வந்ததும் உங்கள் ஆட்கள் பட்ட பாடு இருக்கிறதே. கிணற்றை இறைத்தார்கள், குழாயை மாற்றினார்கள், சிஸ்டரின் தக்காளிப் பாத்தியை மண்ணோடு அள்ளிக்கொண்டு போனார்கள். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேடிக்கை பார்த்தேன். பள்ளம் தோண்டினவனுக்குக் கொஞ்ச நேரம் மண்வெட்டியும் பிடித்துக் கொடுத்தேன்.

வேலியோரம் டீனகா என்று ஒரு பெண் நின்றிருந்தாள். எட்டு மாதம். விடுதியிலேயே அவள் ரத்தத்தில்தான் அந்த ரசாயனம் அதிகம்.

"முட்டைத் தாத்தா நீங்கதானே? தண்ணியா, காத்தா, எதுலேர்ந்து வருதுன்னே அவங்களுக்குத் தெரியலயாம் தாத்தா. நான் எத நிறுத்துறது? புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமா?"

அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, நான் கல்நெஞ்சன் இல்லை. குழாய்த் தண்ணீரைக் குறைக்கச் சொன்னேன். அப்புறம் எதைத்தான் நம்பிச் சாப்பிடுவது என்று கேட்டாள். என் கூடையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"முட்டைய மட்டும் விட்றாதம்மா. உடம்புக்குத் தெம்பு" என்றேன்.

சீட்டுகளைச் சகோதரிகள் கிழித்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தது என் தப்பு. ஜெபக்கூடத்துச் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ஐம்பத்தோரு ஜோடியையும் நகராட்சிப் பதிவேட்டில் தேடியிருக்கிறீர்கள், ஒருவர்கூடப் பிறக்கவே இல்லை. கெட்டிக்காரர்தான் நீங்கள்.

டீனகாவுக்குப் போன வாரம் பெண் குழந்தை, எடை ரொம்பக் குறைவு, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்றீர்கள். முட்டையால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதையும் நீங்களே சொன்னீர்கள். நேர்மையான பேச்சு, எனக்குப் பிடித்தது.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கொண்டுபோனது நான். யார் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகும் எட்டு மாதம் கொண்டுபோனது நான்தான். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, விஷயம் அவ்வளவே. நம்பியிருந்தால் செய்திருப்பேனா, சொல்லுங்கள்.

என்ன கேட்டீர்கள், எங்கள் வீட்டிலா? இல்லையில்லை, நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. கடிதம் வந்த அன்று சாயங்காலமே என் மனைவியைக் கடைக்கு அனுப்பி வேறு முட்டை வாங்கிவரச் சொல்லிவிட்டேன்.