புகார் வராத வீட்டின் கேபிள்

மேடையில் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே! மூத்த பொறியாளர்களே! வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் டவரிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கும் தோழர்களே! அண்ணனைக் கண்டாலே பின்வாசலைத் தேடிய கேபிள் கடைக்காரரே! முன்வரிசையில், இரண்டு பக்கமும் காலி நாற்காலிகளோடு அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணனின் மகளே! அண்ணனின் இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் முகம் உங்களில் பலருக்குத் தெரியாது. என் குரல் தெரியும். "வணக்கம், சொல்லுங்க, நெட் லைன் எப்பயிருந்து வரல?" என்று பத்தொன்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் நான்தான். அண்ணன் டவரின் உச்சியில். நான் கீழே, கட்டுப்பாட்டு அறையில், ஒரு திரைக்கு முன்னால். எங்கள் பழக்கம் முழுவதும் வாக்கிடாக்கியில் நடந்தது. நேரில் பார்த்துப் பேசிய நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு மாதம் தேறுமா என்பது சந்தேகம். ஆனாலும் இன்று என் அறையில் இருக்கும் அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

யார் இந்த மனிதர்? டவர் பிரிவின் மேற்பார்வையாளர் என்று அடையாள அட்டை சொல்லும். கடைவீதியைக் கேட்டால் "பிளேடு" என்பார்கள். சட்டைப்பையில் எப்போதும் காகிதம் சுற்றிய பாதி பிளேடு ஒன்று இருக்கும். கேபிள் சுருளைக் கையில் வாங்கியதும் நுனியை உரித்து, உள்ளே இருக்கும் கம்பியைச் சுரண்டுவார். சுரண்டிய இடமும் செம்பாகவே இருந்தால் சரி. வெள்ளையாகப் பல்லை இளித்தால் அது செம்பு பூசிய அலுமினியம். சுருளை மேசைமேல் வைத்துவிட்டு நடப்பார். அலுவலகத்திலும் அவருக்கு அதே பெயர்தான், காரணம்தான் வேறு. கேபிளைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் நம் கையில் இருக்கும் தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும்!

அப்படி என்னதான் பேசினார்? எண்பது அடி உயரத்தில் ஆன்டெனா. கீழே பெட்டி. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கேபிள். அதில்தான் தகவல் போகிறது, அதிலேயேதான் மின்சாரமும் ஏறுகிறது. அலுமினியத்தைப் போட்டால் உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் மின்சாரம் இளைத்துவிடும், ஆன்டெனா அணைந்து அணைந்து எரியும். மேலுறை கறுப்பாக, வெயில் தாங்குவதாக இருக்க வேண்டும். உள்ளே தகடு சுற்றியிருக்க வேண்டும், தகட்டோடு ஓடும் வெறுங்கம்பியை மண்ணில் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மின்னல் காலத்தில் கருவி கருகும். வீட்டுக்குள் சுவரோரம் போடுகிற சாம்பல் நிறக் கேபிளை டவரில் ஏற்றுவது அவர் கணக்கில் பாவம். இதைப் பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனை முறை கேட்டிருப்பேன்! தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பேன்.

கடைக்காரர் வாய்ச்சொல்லை அவர் நம்பியதில்லை. அலுவலக மொட்டைமாடியின் கைப்பிடிக் கம்பியில் முழம் முழமாகக் கேபிள் துண்டுகளைக் கட்டித் தொங்கவிடுவார். ஓராண்டு வெயிலும் மழையும் தின்ற பிறகு ஒவ்வொன்றாக வளைத்துப் பார்ப்பார். உறை வெடித்தால் அந்தச் சரக்குக்கு அன்றோடு கும்பிடு. ஒருமுறை, மாடியைப் பெருக்கும் அம்மா குப்பை என்று நினைத்து எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டுவிட்டார். பத்து மாத வெயில் வீண்! அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அண்ணன் திட்டவில்லை. "வெயிலுக்கு என்னம்மா பஞ்சம், நாளைக்கும் வரும்" என்று சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து கட்டினார்.

தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், அடுத்ததைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிப் பேச முடியாது. தொடக்க காலத்தில், அவசரத்துக்கு ஒரு மாதம் மட்டும் என்று சொல்லி ஒரு டவரில் சாம்பல் கேபிள் ஏறியது. அந்த ஒரு மாதம் இரண்டு வருடமாயிற்று. மழைக்காலத்தில் அடிவாரப் பெட்டிக்குள் தண்ணீர் நின்றது. தலைவர் நேரில் போய் அண்ணாந்து பார்த்து, "கூரை ஒழுகுதா?" என்று கேட்டார். "கூரை இல்ல சார், கேபிள் ஒழுகுது" என்றார் அண்ணன். உச்சியில் வெயிலில் வெடித்த உறை வழியாக நுழைந்த மழை, கேபிளுக்குள்ளேயே எண்பது அடி இறங்கி, நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது! அந்த பிளேடு தொடாத கேபிள் நம் கிடங்குக்குள் வரக்கூடாது என்று மறுநாளே உத்தரவு போட்டவர் நம் தலைவர்தான்.

இவ்வளவு கறாரான மனிதரின் சொந்த வீட்டு மாடியில் என்ன கேபிள் ஓடியது தெரியுமா? அதே சாம்பல் கேபிள்! எங்கோ மிஞ்சிய துண்டு. நிறுவனத்தின் நல்ல சுருளிலிருந்து ஒரு முழம்கூட வீட்டுக்கு வெட்டமாட்டார். "ஊருக்குத்தான் உபதேசமாண்ணே?" என்று கேலி செய்தேன். அவர் சிரித்தார். "என் வீட்ல யாரும்மா லைனுக்குக் காத்துட்டு இருக்கா? போனா போகுது" என்றார்.

அண்ணி போய் ஒன்பது ஆண்டுகள். மகள் வெளிநாட்டு வேலைக்குப் போய் இரண்டு ஆண்டுகள். அவர் வீட்டுச் சமையலறையை முந்தாநாள்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு தம்ளர். தினமும் மாலை ஏழு மணிக்கு மகளின் அழைப்பு வரும். ஆறரைக்கே வாக்கிடாக்கியில் அவசரப்படுவார்: "இறங்கறேன்ம்மா, பாப்பா கூப்பிடற நேரம்." அந்தப் பகுதியில் சாதாரண போனுக்குச் சிக்னல் கிடையாது. நம் லைன் ஒன்றுதான் அவருக்கும் மகளுக்கும் நடுவில் இருந்தது. "இப்பவாவது அதை மாத்துங்கண்ணே" என்பேன். "வர ஞாயித்துக்கெழமை" என்பார். அந்த ஞாயிறு இரண்டு வருடமாக வரவில்லை.

இனி சொல்லப்போவது என் குற்றம். மழை பிடித்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, என் திரையில் நாற்பது வீடுகள் லைன் போய்ச் சிவப்புப் புள்ளிகளாக மாறின. நாற்பத்தொன்றாவது புள்ளி அண்ணன் வீடு. பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். முழங்கால் வலி என்று அவர் விடுப்பில் இருந்தார், அவர் வாக்கிடாக்கி அலுவலகத்தில் இருந்தது. ஊழியர் வீட்டுப் புள்ளியைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது எங்கள் அறையின் பழக்கம். அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவரே அவர்தான்: "நம்மாளுங்க வீட்ட விடு. பணம் கட்டி வாங்கினவங்கள முதல்ல பாரு." புகார் வரவில்லை, அதனால் ஆளை அனுப்பவில்லை. லைன் செத்துப்போன மனிதர் எந்த வழியாகப் புகார் கொடுப்பார்? புதன் போயிற்று, வியாழன் போயிற்று. அதைத் தினமும் கடந்துதான் அடுத்த புள்ளிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை மழை விட்டது, எல்லாம் பச்சையாயின, அது மட்டும் ஆகவில்லை. அப்போதுதான் ஆளை அனுப்பினேன். மாலையாகிவிட்டது. அவர் மொட்டைமாடியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். அன்று காலையிலேயே இதயம் நின்றிருக்கும் என்றார் மருத்துவர்.

மகளே, இப்போது உன்னிடம் பேசுகிறேன். முந்தாநாள் அந்தச் சமையலறையில் என் தோளில் சாய்ந்து அழுதாய். "ஞாயித்துக்கெழமை சண்டை போட்டேன் அத்தை. என்கூட வந்து இருங்கன்னு சொன்னேன், மாட்டேன்னார். கத்திட்டு வச்சிட்டேன். திங்கக்கெழமை வீம்புல கூப்பிடல. அப்புறம் மூணு நாள் கூப்பிட்டேன், எடுக்கவே இல்ல. கோவத்தோடயே போயிட்டார்" என்றாய். சிவப்புப் புள்ளியைப் பற்றிச் சொல்ல அப்போது எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் அந்தப் புள்ளியைக் கடந்தது என் அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன்.

அவர் எடுக்காமல் இருக்கவில்லை, அம்மா. உன் அழைப்பு அந்த வீட்டுக்குள் மணியாக ஒலிக்கவே இல்லை. கேபிளுக்குள் தண்ணீர் நின்றது. என்னால் மூன்று நாள் நின்றது.

கோபம் என்றாயே? நேற்று நம் கடைக்காரரிடம் பேசினேன். அவர் இங்கேதான் இருக்கிறார், பொய் என்றால் எழுந்து சொல்லட்டும். நீ சண்டை போட்டது ஞாயிறு மாலை. திங்கள் காலை, கடை திறக்குமுன்பே அண்ணன் வாசலில் நின்றிருக்கிறார். கறுப்புக் கேபிள் கேட்டிருக்கிறார், பிளேடால் சுரண்டியிருக்கிறார், வளைத்திருக்கிறார், மூன்று சுருளைத் திருப்பித் தந்திருக்கிறார். "எந்த டவருக்குண்ணே?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது: "டவருக்கு இல்லப்பா. என் பொண்ணு பேசற லைனு. நல்லதா குடு."

அந்தக் கேபிள்தான் வெள்ளிக்கிழமை அவர் மடியில் கிடந்தது. ஆன்டெனாக் கம்பத்தில் பாதி உயரம்வரை கிளிப் மாட்டியிருந்தார், சாண் இடைவெளி பிசகாமல். மழை விட்டதும், வலிக்கிற முழங்காலோடு மாடி ஏறியவர் உன்மேல் கோபத்தில் இருந்தவரா? உன் குரலைக் கேட்கத்தான் ஏறினார்! இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். உனக்கும் தெரிய வேண்டும்.

தலைவர் அவர்களே, தோழர்களே! இரங்கல் கூட்டத்தில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். நல்ல கேபிளையே வாங்குவோம், அவர் பார்த்ததுபோலச் சுரண்டிப் பார்த்தே வாங்குவோம் என்று நீங்கள் எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். என் உறுதிமொழி சின்னது. புகார் கொடுக்காத வீட்டின் சிவப்புப் புள்ளியை இனி நான் கடக்கமாட்டேன். அங்கே தனியாக ஒருவர் இருக்கிறார் என்றால், மற்ற நாற்பது வீட்டுக்கும் முன்னால் அங்கேதான் ஆள் போகும். உங்களில் யாரை அனுப்பினாலும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: போனதும் மாடிக்கு ஏறிவிடாதீர்கள். முதலில் கதவைத் தட்டுங்கள். உள்ளேயிருந்து பதில் வரட்டும், கேபிளை அப்புறம் பார்க்கலாம்.