நாகேந்திரனின் இடது காது

உங்கள் முகத்தை வரைவதென்றால் வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து விழ வேண்டும். இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து மனதுக்குள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. மூக்கின் நடுவில் இருக்கும் சின்ன மேட்டைத் தணித்துவிடலாம். உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் சந்தோஷம்தான் படுவார்கள்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழில் பழக்கம். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள், அதற்கும் இந்தப் பழக்கத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

என் பெயர் சாமுண்டீஸ்வரி. வயது நாற்பத்தாறு. நெமிலிச்சேரி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட முன்னறையில் வைத்து வரைகிறேன். அதற்கு முன்னால் திருமழிசையில் ஒரு கம்பெனியில் மெஷின்களுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு ஆயுத பூஜைக்கு கேன்டீன் சுவரில் சரஸ்வதி போடச் சொன்னார்கள். பூஜை தொடங்குவதற்கு முன்பே, சாப்பிட வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தச் சுவருக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார்கள். சாமிக்குக் கண் வரைய எனக்கு வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாமிப் படத்தில் கண்தான் கடைசி. விடிவதற்கு முன் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, படத்துக்கு எதிரே ஒரு கண்ணாடி வைத்து, அதில் பார்த்தபடியே கருமணி வைப்பேன். கண் திறந்த பிறகு அந்தப் படத்தில் தூரிகை படக் கூடாது. விரல் ஒன்று கோணலாக இருந்தாலும் இருந்ததுதான். இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாக வைத்துக்கொண்ட சட்டம். அதனால்தான் அதைக் கடைசிவரை காப்பாற்ற முடிந்தது என்று நினைக்கிறேன்.

எண்பத்தேழுக்குப் பிறகு பட்டாளத்துப் படங்கள் வர ஆரம்பித்தன. கடல் தாண்டி இலங்கைக்குச் சண்டைக்குப் போய் உயிரை விட்ட பையன்கள். ஆவடி, பட்டாபிராம், பாரிவாக்கம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரு சின்னப் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். அதை ஸ்டுடியோவில் பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாக உடைந்துபோகும். ஆகவே என்னிடம். நான் அம்மைத் தழும்பை எடுத்துவிடுவேன். தூக்கலான பல்லை உள்ளே தள்ளுவேன். தோளை அகலமாக்கி, உடுப்பில் மடிப்பு விழாமல் போடுவேன். ஒரு தாய்கூட, இது என் பிள்ளை இல்லை என்று சொன்னதில்லை. "இப்டித்தாம்மா இருப்பான், இதே மாறிதான்" என்று படத்தின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போவார்கள். பதினேழு படங்கள் அப்படிக் கொடுத்திருக்கிறேன்.

நாகேந்திரன் படம் பதினெட்டாவது.

எண்பத்தெட்டில் அவரைக் காணவில்லை என்று தந்தி வந்தது. அடுத்த வருஷம், இறந்ததாகவே கொள்ள வேண்டும் என்று கடிதம் வந்தது. அவருடைய மனைவி வனஜாவை வேம்புலி அழைத்துக்கொண்டு வந்தான். வேம்புலி பட்டறையில் கடைசல் பிடிக்கிறவன், எங்கள் தெரு இளைஞர் மன்றத்துக்குத் தலைவன். நாகேந்திரனின் தாயார் கெங்கம்மாள் வரவில்லை. சாகாத பிள்ளைக்குப் படம் எதற்கு என்று அந்தம்மா வாசலிலேயே மண்ணைத் தூற்றினார்களாம்.

"ஒரே போட்டோதான்க்கா கீது. பத்தரமா பாத்துக்கோ," என்றாள் வனஜா.

ஏதோ திருவிழாவில் எடுத்தது. நாகேந்திரன் முகத்தை இடது பக்கமாகக் கொஞ்சம் ஒளித்துக்கொண்டு நின்றிருந்தார். போட்டோக்காரர் திருப்பிவிட்டிருக்கிறார், இவர் மறுபடி திரும்பப் பார்த்திருக்கிறார், அதற்குள் எடுத்தாகிவிட்டது. எதை ஒளிக்கிறார் என்று பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இடது காதின் கீழ்த் தண்டு இரண்டாகக் கிழிந்து தொங்கியது. சின்ன வயதில் கடுக்கன் கிணற்றுக் கயிற்றில் மாட்டி இழுத்துவிட்டது என்று பிறகு கெங்கம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நான் அந்தக் காதை முழுசாக வரைந்தேன். வேறு எப்படி வரைவேன்?

வனஜா கவனிக்கவில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது நாள்தான் அவரோடு இருந்தாள். லீவு முடிந்து போனவர் திரும்பவில்லை. மாமியாரும் அவளும் பாரிவாக்கத்தை விட்டு எங்கள் தெருவுக்குக் குடிவந்ததே அதற்குப் பிறகுதான். இங்கே யாரும் நாகேந்திரனை நேரில் பார்த்தது கிடையாது. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் என் படம்தான்.

தெருமுனையில் நாலு கம்பம் நட்டு, தகரம் போட்டு, ஒரு மண்டபம் மாதிரி கட்டினார்கள். படத்தை அங்கேயே வைத்து, வனஜாவை எதிரே நிறுத்தி, கண்ணைத் திறந்தேன். அவள் அப்படியே காலில் விழுந்தாள். என் காலில் அல்ல. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மல்லிகைச் சரம் வர ஆரம்பித்தது. பரீட்சை எழுதுகிறவர்கள் நம்பரைச் சீட்டில் எழுதி ஓரத்தில் செருகிவைத்தார்கள். புள்ளைத்தாச்சிகள் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வரைந்தவள் நானே அந்த இடம் வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வேன்.

போன வருஷம் ஆடி மாசம் அந்த ஆள் வந்தார்.

ரயிலிலிருந்து இறங்கி, கேட்டுக் கேட்டு வந்தார் என்று சொல்ல முடியாது, வாயே வரவில்லை. வலது கன்னமும் தாடையும் வெந்து இறுகிப்போய், ஒரு கண் மூடியிருந்தது. பாரிவாக்கத்தில் யாரோ ஒரு சீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கெங்கம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அந்தம்மா அவர் தலையைப் பிடித்து, காதைத் தடவி, ஒரே கத்தாகக் கத்தினார்கள். தெருவே கூடிவிட்டது. கூடினாலும் நம்பவில்லை. அதற்கு முன்னால் இரண்டு தடவை அந்தம்மா யார் யாரையோ கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள்.

"இன்னா ஆயா, போன தபா பஸ் கண்டக்டரு, இந்த தபா இவனா?" என்றான் வேம்புலி.

"கண்ணுதான்டா போச்சு எனக்கு. கையி போவல."

"கண்டக்டரையும் கையாலதான ஆயா புடிச்சே? டிக்கெட்டே குடுக்கல அந்தாளு, பயந்து பூட்டாரு."

சிரித்தார்கள். வனஜா சிரிக்கவில்லை. அவள்தான் அவரை என் வீட்டுக்கு அழைத்துவந்தாள். மாமியாரும் வேம்புலியும் பின்னால் வந்தார்கள்.

"அக்கா, பெத்தவங்க ஆமான்றாங்க. எனக்குத் தெரியலக்கா. அவரு மூஞ்ச நெனச்சா நீ போட்ட படந்தான் வருது. போட்டோவ மாசக்கணக்கா பாத்துகினு இருந்தது நீதான். நீ சொல்லு, கேட்டுக்கறேன்."

அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினேன். நெற்றிக்கும் புருவத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தேன். வெந்த முகத்திலும் எலும்பு மாறுவதில்லை. அப்போது அவர் என் கையை மீறி மெதுவாக முகத்தைத் திருப்பினார். இடது காதை என்னிடமிருந்து ஒளித்துக்கொண்டார். போட்டோவில் இருந்த அதே திருப்பல்.

தெரிந்துபோயிற்று, ஐயா. எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாளே எனக்குத் தெரியும்.

"காதப் பாரும்மா," என்றார்கள் கெங்கம்மாள். "போட்டோவுல கிழிஞ்சிதான இருந்துச்சு? சொல்லும்மா."

"முழுசாத்தான் ஆயா இருந்துச்சு. இருக்கறததான் நான் வரஞ்சேன்."

"போட்டோ எங்கக்கா கீது?" என்றான் வேம்புலி.

"போன மழைக்கு இங்க ஒழுகிச்சே, அதுல ஊறிப் பூடுச்சு."

போட்டோ அப்போது என் தூரிகை டப்பாவின் அடியில், போட்டிருந்த பேப்பருக்குக் கீழே இருந்தது. கண் இருக்கிற படத்தை நான் கிழிப்பதில்லை.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். பதினேழு தாய்மார்கள் அழுது முடித்திருந்தார்கள். இவர் ஒருவர் உயிரோடு வந்துவிட்டார் என்று தெரிந்தால் அத்தனை பேரும் மறுநாள் காலையிலிருந்து ரயிலடியில் போய் நிற்பார்கள். வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்ப்பார்கள். அந்தக் கொடுமையை நான் எப்படிச் செய்வேன்? அப்புறம் வனஜா. 'இல்லை என்று சொல்லிவிடேன்' என்று அவள் கண் என்னைக் கெஞ்சியது. கண்ணைப் படிப்பதில் நான் தவறியதில்லை. 'அக்கா ஆமான்னு சொல்லியிருந்தா அப்பவே ஊட்டுக்கு இட்டுகினு போயிருப்பேன்' என்று அவள் உங்களிடம் எழுதிக்கொடுத்ததைப் படித்துக் காட்டினீர்கள். இப்போது அப்படிச் சொல்கிறாள்.

அவர் ஊரை விட்டுப் போகவில்லை. மண்டபத்துக்கு எதிரே, ரோட்டின் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். கெங்கம்மாள் தடவித் தடவிப் போய்ச் சோறு வைத்துவிட்டு வருவார்கள். ஒன்பது நாள் அப்படியே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியாகத்தான் நான் பால் வாங்கப் போக வேண்டும். அவர் என்னை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்த்ததில்லை. படத்தைத்தான் பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விடை வராத கணக்கைப் பார்க்கிற மாதிரி, ஏதோ ஒன்று சரியில்லை என்கிற மாதிரிப் பார்த்தார்.

ஆகஸ்ட் பதினைந்து காலையில் மண்டபத்தில் கொடியேற்றினார்கள். படத்துக்குப் பெரிய மாலை. மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து கூட்டத்துக்குள் புகுந்து, படத்தருகே போய், மாலையை ஒதுக்கி, இடது காதின் மேல் நகத்தை வைத்துக் கீறினார். கீழ் நுனியில் ஒரே கீறல். பெயின்ட் உரிந்து பலகை தெரிந்தது.

தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த வருஷம் அது, முகம் தெரியாத ஆள் என்றாலே எல்லோருக்கும் பயம். வேஷம் போட்டுக்கொண்டு வந்தவன் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. இப்போது சாமியையே கீறிவிட்டான். கம்பத்தில் கட்டிவிட்டார்கள். நான் அப்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு லட்சுமி படம் பாதியில் இருந்தது. தாமரைக்கு வெளி இதழ் போட்டுக்கொண்டிருந்தபோது வேம்புலி ஓடிவந்தான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, பசங்க கைய நிறுத்த மாட்டேன்றானுங்க. வாயில ரத்தம் வருது. அந்த ஆயா வேற நடுவுல வுய்ந்து பொரண்டுகினு கீது. எனக்கு இன்னாமோ மாறி ஆவுதுக்கா. ஒரே வார்த்த. அவருதானா, இல்லியா? அவருதான்னு நீ சொன்னா இப்பவே அவுத்துவுட்டு, ஆட்டோவுல போட்டுகினு ஆஸ்பத்திரிக்குப் பூடுவேன்."

அவன் பேசி முடிக்கும் வரைக்கும் நான் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் இதழின் விளிம்பை முடித்தேன். அந்த இதழ் நன்றாக வந்தது.

"அவரு இல்ல," என்றேன்.

"நல்லாத் தெரியுமாக்கா?"

"என்ன வுட யாருக்குத் தெரியும்?"

சாயங்காலத்துக்குள் செத்துப்போனார். பெயர் தெரியாத ஆள் என்று எழுதி எடுத்துப்போனார்கள். கூட்டம் கலைந்த பிறகு, சின்னத் தூரிகையும் கொஞ்சம் வர்ணமும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய், அந்தக் கீறலை அடைத்துவிட்டு வந்தேன். இரண்டு நிமிஷ வேலை. கெங்கம்மாள் எதிர்ப்பக்கம் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். யாரது என்று கேட்டார்கள். நான் தூரிகையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்த ஆயுத பூஜைக்கு வழக்கம்போல வனஜா என் அறையைச் சுத்தம் செய்ய வந்தாள். டப்பாவின் அடிப்பேப்பரை மாற்றியிருக்கிறாள். நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் தூரிகைகள் எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தன, அவளும் இல்லை, போட்டோவும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆகவே, ஆம். போட்டோவை ஒளித்தது நான். பெற்றவளின் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னது நான். இரண்டாவது தடவை கேட்டபோது உயிரோடு இருந்தார், அதுவும் எனக்குத் தெரியும். அடித்தவர்கள் பெயரும் சொல்கிறேன். ஆனால் நான் சொல்லாமல் அவர்கள் அடித்திருக்க மாட்டார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நீங்கள் கடைசியாகக் கேட்டது மட்டும் வேண்டாம், ஐயா. வெளியே பெஞ்சில் கெங்கம்மாள் உட்கார்ந்திருப்பதை வரும்போதே பார்த்தேன். படத்தையும் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்திருக்கிறீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தம்மா சொன்னதும் காதில் விழுந்தது. "ஜெயிலு கியிலுலாம் எனக்கு வேணாம்மா. அந்தக் காத மட்டும் கிழிச்சுக் குடு. பெயின்ட்ட நல்லாத் தடியா வெச்சுப் போடு. வெரலு வெச்சுப் பாத்தா எனக்குத் தெரியணும்."

கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. நான்தான் செய்ய முடியாது. எனக்காக நீங்கள் கொண்டுவந்து வைத்த தூரிகையை எடுத்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள், முடி காய்ந்துவிடும். கண் திறந்த படத்தில் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை.