மேடைக்கு வராத டிரம்மர்

டிரம்மர்: அதுமேல உக்காராத. இப்பதான் வெல்டிங் வச்சேன், சுட்டுடும்.

கிட்டார்: பேச்சை மாத்தாதே. ஒரு வாரமா ஏன்டா ரிகர்சலுக்கு வரல?

டிரம்மர்: கை வலி.

கிட்டார்: கை வலியோடதான் இவ்ளோ பெரிய கேட்டைத் தூக்கி நிறுத்தினியா?

டிரம்மர்: இது வேற வலி. தள்ளி நில்லு, வெள்ளைச் சட்டை கரியாயிடும். அப்பா வர்றதுக்குள்ள இதை முடிக்கணும்.

கிட்டார்: நாளன்னிக்கு மேடைடா. நூறு குழு பாட்டு அனுப்பினதுல ஆறைத்தான் கூப்பிட்டிருக்காங்க. நீ இல்லாம நாங்க மூணு பேரும் போய் என்ன...

டிரம்மர்: கண்ணை மூடு. பொறி பறக்கும்.

கிட்டார்: மூடியாச்சு... எங்கம்மா ஏதாவது சொன்னாங்களா?

டிரம்மர்: என்ன சொல்லுவாங்க?

கிட்டார்: இல்ல... எங்க வீட்டுக்கு வந்தா பின்பக்கப் படி வழியா ஏறச் சொல்றாங்களே. அதுக்கா?

டிரம்மர்: மூணு வருஷமா ஏறுற படி. இப்பவா கோவம் வரும்?

கிட்டார்: பின்ன என்னதான்டா? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.

டிரம்மர்: எனக்கு மட்டும் புரியுதாக்கும்.

கிட்டார்: சரி... நான் ஒண்ணு சொல்லணும். முதல்ல அந்தச் சுத்தியலைக் கீழ வை.

டிரம்மர்: வச்சாச்சு. சொல்லு.

கிட்டார்: நாம அனுப்பின பாட்டுல... டிரம்ஸ் நீ வாசிச்சது இல்ல. ரெண்டாவது சரணத்துல நீ வேகமா ஓடிட்ட. மறுபடி எடுக்க நேரமில்ல. கம்ப்யூட்டர்லயே போட்டுட்டேன்... பாட்டு முழுக்க.

டிரம்மர்: தெரியும்.

கிட்டார்: தெரியுமா? எப்போ?

டிரம்மர்: நீ என் போனுக்கு அனுப்பின அன்னிக்கே. என் கை எனக்குத் தெரியாதா?

கிட்டார்: வந்து நாலு திட்டு திட்டியிருக்கலாமேடா. இதுக்குத்தான் வரலையா?

டிரம்மர்: கோவம் இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்காக வராம இல்ல... எப்படிச் சொல்றது...

கிட்டார்: டேய், நீ உன் இஷ்டத்துக்கு வாசி. அங்க யாரு அனுப்பின பாட்டோட ஒத்துப் பாக்கப் போறா?

டிரம்மர்: எங்கப்பா. முன் வரிசையில உக்காரணும்னு இப்பவே சொல்லி வச்சிருக்காரு.

கிட்டார்: அவருக்குப் பாட்டுன்னாலே ஆகாதுன்னியே?

டிரம்மர்: ஆகாதுதான். இப்ப பட்டறைக்கு வர்ற ஒவ்வொருத்தர் காதுலயும் போனை வச்சு, "கேளுங்க, எம்பையன் அடிக்கிறான்"னு போட்டுக் காட்டறாரு. ஒவ்வொரு அடியும் அவருக்கு மனப்பாடம். அது நான் இல்லேன்னு... இன்னும் சொல்லலடா.